வேடம், புள்ளி, அதிகாரம்: வீடியோ கேம்களில் 'பாத்திரமேற்பு' பற்றிச் சில குறிப்புகள்

"கம்ப்யூட்டர் விளையாட்டுக்கெல்லாம் விமர்சனமா? வேற வேலை இல்லையா தோழர்?" என்று கேட்கிறவர்கள் இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களிலும் இருப்பார்கள். வெகுசன சினிமாவைப் பிரதியாக எடுத்துக்கொண்டு பேசத் தொடங்கியபோதும் இப்படித்தான் கேட்டார்கள். தன்னிலை எப்படிக் கட்டமைக்கப்படுகிறது என்ற கேள்வியை நாவலிலும் விளம்பரத்திலும் பாடப்புத்தகத்திலும் துருவித் தேடிய நாம், அந்தக் கேள்வியைத் தன் பெயரிலேயே ஒட்டிக்கொண்டு திரியும் ஒரு வடிவத்தைச் சின்னப் பசங்க சமாச்சாரம் என்று தள்ளிவிட முடியாது. 'ரோல் பிளேயிங் கேம்' என்றால் வேடம் ஏற்று ஆடும் ஆட்டம். சரி, என்ன வேடம்? யார் முன்னால்? வேடத்தைக் கழற்றும் உரிமை யாரிடம்?

கடையில் இந்தப் பெயரோடு விற்கப்படும் ஆட்டங்களை எடுத்துப் பாருங்கள். எதிரியைக் கொன்றால் 'அனுபவப் புள்ளி'. புள்ளி சேர்ந்தால் 'லெவல்' ஏறும். லெவல் ஏறினால் பலம் கூடும், நல்ல வாள் கிடைக்கும், இன்னும் பெரிய எதிரியைக் கொல்லலாம். இதில் வேடம் எங்கே இருக்கிறது? இந்த வகைமையில் பாத்திரமேற்பு என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் சொத்துச் சேர்ப்புதான் என்பது என் வாதம். ஒருவர் மற்றவர்களோடு கொண்டுள்ள உறவுதான் வேடம். அதை உடைமையாக மாற்றியதுதான் வீடியோ கேமின் சாதனை, அதன் கோளாறும் கூட.

1

இந்த மாற்றத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1969இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்பவர் தன் நண்பர்களுக்காக ஒரு போர் விளையாட்டை நடத்தினார். நெப்போலியன் காலத்து ஜெர்மானிய ஊர் ஒன்று. பெயர் பிரவுன்ஸ்டைன். வழக்கமாக இந்த ஆட்டங்களில் ஆளுக்கொரு படை இருக்கும். வெஸ்லி படையோடு நிற்காமல் தனித்தனி ஆட்களையும் கொடுத்தார்: ஒருவர் மேயர், ஒருவர் வங்கிக்காரர், ஒருவர் பல்கலைக்கழகத் தலைவர் என்று. ஒவ்வொருவருக்கும் ஒரு நோக்கம். ஆட்டம் அவர் கையை விட்டுப் போய்விட்டது. ஆட்கள் ரகசியம் பேசினார்கள், பேரம் பேசினார்கள். இரண்டு பேர் ஒண்டிக்கு ஒண்டி சண்டைக்குத் தயாராக, அதற்கு விதியே இல்லாததால் வெஸ்லி அந்த இடத்திலேயே விதி செய்ய வேண்டியதாயிற்று. ஆட்டம் தோற்றுவிட்டது என்று அவர் நினைத்தார். ஆடியவர்கள் மறுபடி எப்போது என்று கேட்டார்கள்.

வேடம் பிறந்த இடம் இந்தத் 'தோல்வி'தான் என்பேன். விதி போதாமல் போன இடத்தில், மனிதர்கள் ஒருவரை ஒருவர் நேருக்கு நேர் பார்த்துப் பேசியபோது பிறந்தது அது. அந்தக் குழுவில் ஆடிய டேவ் ஆர்னசன் இதை வேறொரு கற்பனை உலகத்துக்குக் கொண்டுபோனார். கேரி கைகாக்ஸோடு சேர்ந்து 1974இல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளியானது. அதில் இரண்டு மரபுகள் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. ஒன்று பேச்சு: "நான் கதவைத் தட்டாமல் கூரை வழியாக இறங்குகிறேன்" என்று ஆட்டக்காரர் சொல்ல, "சரி, அங்கே ஒரு கிழவி இருக்கிறாள்" என்று நடுவர் பதில் சொல்வது. இன்னொன்று அட்டவணை: பகடை, உயிர்ப்புள்ளி, லெவல்.

கம்ப்யூட்டர் இதில் எதை எடுத்துக்கொண்டது? அட்டவணையை. 1975இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினி அமைப்பில், நிர்வாகிகளின் கண்ணில் படாமலிருக்க ஒரு பாடக் கோப்பு மாதிரி 'பெடிட்5' என்று பெயர் வைத்து ஒளித்துவைக்கப்பட்ட ஆட்டத்திலேயே இது தெளிவாகத் தெரிகிறது: நிலவறை, பூதம், புதையல், புள்ளி. எதிர்பாராத ஒன்றை ஆட்டக்காரர் சொன்னால் "சரி" என்று சொல்ல இயந்திரத்துக்குத் தெரியாது. கூட்டல் கழித்தல் நன்றாகத் தெரியும். ஆக, கணிக்க முடிந்தது 'வேடம்' என்ற பெயரைப் பெற்றது. கணிக்க முடியாத பேச்சு வெளியே விடப்பட்டது. ஒரு தொழில்நுட்ப வரம்பு காலப்போக்கில் வகைமையின் இலக்கணமாகிவிட்டது. இலக்கணம் ஆனபின் அது வரம்பு என்பதே மறந்துபோகிறது. கருத்தியல் வேலை செய்யும் விதம் இதுதானே.

2

அட்டவணை கள்ளமில்லாதது என்று யாரும் நினைக்க வேண்டாம். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட, முதலில் ஒரு தாளை நிரப்ப வேண்டும். அதில் 'ரேஸ்' என்று ஒரு கட்டம்: மனிதன், எல்ஃப், குள்ளன். 'கிளாஸ்' என்று ஒரு கட்டம்: போர்வீரன், மந்திரவாதி, பூசாரி. அதாவது பிறப்பு ஒரு கட்டத்தில், தொழில் ஒரு கட்டத்தில். 1974 விதிகளின்படி குள்ளனாகப் பிறந்தவர் போர்வீரனாக ஆறாவது லெவலைத் தாண்ட முடியாது. மனிதனுக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. 1981இல் வந்த எளிய பதிப்பில் இன்னும் சுருக்கம்: எல்ஃபாகப் பிறந்தால் 'எல்ஃப்' என்பதே உங்கள் தொழில். 1978 விதிநூல், பெண் பாத்திரத்தின் உடல் பலத்துக்கு ஆணைவிடக் குறைந்த உச்சவரம்பு வைத்தது. பிறப்பு தொழிலைத் தீர்மானிக்கும், தொழில் எவ்வளவு உயரலாம் என்பதையும் பிறப்பே தீர்மானிக்கும். இந்த அட்டவணையை வேறொரு பெயரில் நாம் ரொம்ப நன்றாகவே அறிவோம். அதைக் கண்டுபிடிக்க விஸ்கான்சின் வரை போக வேண்டியதில்லை.

பிறகு திருத்தினார்கள். பிறப்பின்படி திறமைப் புள்ளி தரும் விதி 2020இல் தளர்த்தப்பட்டது. 2024 விதிநூலில் 'ரேஸ்' என்ற சொல் நீங்கி 'ஸ்பீஷீஸ்' வந்தது. பெயர் மாற்றத்தை நான் ஏளனம் செய்யவில்லை. சொல்லை மாற்றுவதற்கே எத்தனை போராட்டம் தேவை என்று நமக்குத் தெரியும். ஆனால் தாள் அப்படியே இருக்கிறது. ஒரு மனிதரை, அவர் யாரையும் சந்திப்பதற்கு முன்பே, எண்களால் எழுதி முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையும் அப்படியே இருக்கிறது.

3

"அதெல்லாம் பழைய கதை. இப்போ தேர்வு இருக்கு. நல்லவனா, கெட்டவனா, நீயே முடிவு பண்ணலாம்" என்பார்கள். பார்க்கலாம். 'மாஸ் எஃபெக்ட்' வரிசையில் (முதல் பாகம் 2007) இரக்கமாக நடந்தால் ஒரு வகைப் புள்ளி, முரட்டுத்தனமாக நடந்தால் இன்னொரு வகைப் புள்ளி. 2010இல் வந்த இரண்டாம் பாகத்தில், ஒரு பக்கம் போதிய அளவு புள்ளி சேர்த்தவருக்குத்தான் சில வசனங்களே திறக்கும். விளைவு என்ன? ஒவ்வொரு சூழலையும் எடைபோட்டு முடிவெடுப்பவர் தண்டிக்கப்படுகிறார். வாசிக்காமலேயே எப்போதும் ஒரே பக்கத்தை அழுத்துகிறவர் பரிசு பெறுகிறார். அறம், சித்திரகுப்தன் கணக்காகச் சுருங்கிவிட்டது. சித்திரகுப்தனாவது கணக்கைச் செத்த பிறகுதான் காட்டுவான். இங்கே கணக்கு எந்நேரமும் நம் கண்முன்னே திறந்து கிடக்கிறது.

இதற்கு மாறான ஒன்று 1985லேயே வந்துவிட்டது. ரிச்சர்ட் கேரியட்டின் 'அல்டிமா 4'இல் மூலிகை விற்கும் பார்வையற்றவர் ஒருவர் வருகிறார். எவ்வளவு காசு கொடுக்கிறீர்கள் என்பதை நீங்களே சொல்ல வேண்டும். ஏமாற்றலாம். ஏமாற்றினால் ஒன்றும் நடக்காது போலத் தோன்றும். உள்ளே எண் குறையும், ஆனால் திரையில் காட்டப்படாது. உங்கள் நிலை தெரிய வேண்டுமானால் ஒரு ஞானியிடம் போய்க் கேட்க வேண்டும். கணக்கு இங்கேயும் இருக்கிறது, ஆனால் மறைக்கப்பட்டதால் அந்த வியாபாரி ஒரு கணமாவது எதிரே நிற்கும் மனிதராகிறார். 2015இல் டோபி ஃபாக்ஸ் 'அண்டர்டேல்' ஆட்டத்தில் இதைத் தலைகீழாக்கிக் காட்டினார். 'எக்ஸ்ப்' என்று நாம் ஆட்டம் முழுக்கச் சேர்த்த புள்ளிகள் அனுபவப் புள்ளிகள் அல்ல, கொலைப் புள்ளிகள் என்று முடிவில் சொல்லப்படுகிறது. 'லவ்' என்று ஏறிக்கொண்டிருந்தது வன்முறையின் அளவு. வகைமை தன் சொற்களுக்குத் தானே கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் என்று இதை நான் வாசிக்கிறேன்.

4

அப்படியென்றால் வேடம் என்பது எது? அந்தப் பெயரில் விற்கப்படாத ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். 2013இல் லூகாஸ் போப் வெளியிட்ட 'பேப்பர்ஸ், பிளீஸ்'. அர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் நீங்கள் குடிவரவு அதிகாரி. பாஸ்போர்ட்டைச் சரிபார்த்து முத்திரை குத்துவதுதான் வேலை. சரியாகப் பார்த்த ஆளுக்கு ஐந்து கிரெடிட் கூலி. வீட்டில் வாடகை, சாப்பாடு, குளிருக்குக் கணப்பு. ஒருநாள் ஒருவர் முறையான தாள்களோடு வருகிறார். "அடுத்தது என் மனைவி, கொஞ்சம் தயவு காட்டுங்கள்" என்கிறார். மனைவியிடம் நுழைவு அனுமதி இல்லை.

லெவல் இல்லை, பலம் கூடாது, வாள் கிடையாது. ஆனாலும் இங்கே இருப்பதுதான் வேடம். உங்கள் மனசு எதுவாகவும் இருக்கலாம், உட்கார்ந்திருக்கும் நாற்காலி உங்களைச் செய்யவைப்பது வேறு. தினமும் முதல் இரண்டு பிழைகளுக்கு எச்சரிக்கை மட்டும்தான். மூன்றாவதிலிருந்து அபராதம். ஆட ஆட நான் கண்டது இது: ஒரு நாளைக்கு இரண்டு கருணைகள்வரை எனக்கு இலவசம். அந்த ஒதுக்கீட்டை யாருக்குச் செலவழிப்பது என்று என் விரல் கணக்குப் போடத் தொடங்கியது. இந்த அதிகாரி கொடியவன் அல்ல. அரசு இயந்திரம் ஓடுவதற்குக் கொடியவர்கள் தேவையில்லை, வீட்டு வாடகை போதும். இதை எத்தனையோ கோட்பாட்டுக் கட்டுரைகளில் வாசித்திருக்கிறோம். நம் கையாலேயே முத்திரை குத்தி அறிவது வேறு வகை அறிதல்.

இன்னொன்று 'டிஸ்கோ எலிசியம்' (2019). எஸ்தோனியாவின் தாலின் நகரத்தில் ஒரு கலைக்குழுவாகத் தொடங்கிய ஸாஉம் வெளியிட்டது. ராபர்ட் குர்விட்ஸும் நண்பர்களும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசி ஆடிய உலகம்தான் இதன் மூலம். அதனால்தான் கைவிடப்பட்ட பேச்சு மரபு இங்கே திரும்பி வருகிறது. நினைவிழந்து விழித்தெழும் குடிகாரத் துப்பறிவாளர், தூக்கில் தொங்கும் பிணம், துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம், அரை நூற்றாண்டுக்கு முன் நசுக்கப்பட்ட புரட்சியின் தடம் இருக்கும் நகரம். சண்டைக்கென்று தனி அமைப்பு கிடையாது. இருபத்து நான்கு திறன்கள் தலைக்குள் குரல்களாகப் பேசுகின்றன. ஒன்று பொய் சொல்கிறது, ஒன்று பயமுறுத்துகிறது, ஒன்று நாடகமாடுகிறது. எண்கள் இருக்கின்றன, ஆனால் ஒரு திறனின் எண் கூடக்கூட அந்தக் குரல் உங்களை அதிகமாக ஆட்டிவைக்கும். தன்னிலை தனக்குத் தானே எசமான் இல்லை என்பதை ஓர் ஆட்ட விதியாக்கியிருக்கிறார்கள். பகடை கவிழ்ந்தாலும் பெரும்பாலும் கதை நிற்பதில்லை, அவமானத்தோடு தொடர்கிறது.

ஆனால் இதையும் தோளில் தூக்கிக்கொண்டு ஆட வேண்டாம். இந்த ஆட்டத்தில் இடதுசாரிக் கருத்தியலை மனசில் 'உள்வாங்கிக்கொண்டால்', ஒவ்வொரு இடதுசாரி வசனத்துக்கும் கூடுதல் அனுபவப் புள்ளி கிடைக்கும். முதலாளித்துவ வசனத்துக்குக் காசு கிடைக்கும். நக்கல்தான், தெரிகிறது. மேடையில் பேசிப் பேசிப் புள்ளி சேர்க்கும் நம் ஆட்களை நினைத்துச் சிரித்தேன். 2019இல் விருது மேடையில் மார்க்சுக்கும் எங்கெல்சுக்கும் நன்றி சொன்னார்கள். 2022இல் குர்விட்ஸ் உட்பட முக்கியப் படைப்பாளிகள் அந்த நிறுவனத்தில் இல்லை என்ற செய்தி வந்தது. பிரதிக்குள் உள்ள சொத்துறவு பற்றிப் பேசும்போது பிரதியின் சொத்துறவையும் பேசியாக வேண்டும்.

5

இங்கே ஒரு தற்செயலைக் குறிப்பிட வேண்டும். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளியான அதே 1974இல், பிரேசிலிலிருந்து நாடுகடந்து வாழ்ந்த அகஸ்தோ போவாலின் 'ஒடுக்கப்பட்டோர் அரங்கு' நூல் புவனோஸ் ஐரிஸில் வெளியானது. பார்வையாளர் ஆட்டத்தை நிறுத்தி, மேடையேறி, வேடத்தை வாங்கி, வேறு விதமாக நடந்துகாட்டும் அரங்கு அது. இரண்டும் வேடத்தைச் சாதாரண மனிதர்களுக்குக் கொடுத்தன. ஒன்று பெருந்தொழிலானது, மற்றொன்று தெருவில் நின்றது. இரண்டையும் இணைக்கும் முயற்சியாக உருகுவேக்காரர் கொன்சாலோ ஃபிராஸ்கா 2001இல் ஒடுக்கப்பட்டோரின் வீடியோ கேம் பற்றி ஓர் ஆய்வேடு எழுதினார்: ஆட்டக்காரர்கள் விதியையே மாற்றி எழுதி, அதை மற்றவர்கள் மறுத்து எழுதி, அந்த விவாதமே ஆட்டமாவது.

செயல்பாட்டாளர்கள் இதை யோசிக்க வேண்டும். அகதியாக, தொழிலாளியாக, ஒடுக்கப்பட்டவராக ஆடவைக்கும் ஆட்டங்கள் 'பரிவை வளர்க்கும்' என்று சொல்லப்படுகிறது. எனக்கு இதில் சந்தேகம் உண்டு. லிசா நகமுரா 1995இலேயே இணைய உலகில் பிற இனத்தவராக வேடமிடுவதை 'அடையாளச் சுற்றுலா' என்றார். சுற்றுலாப் பயணி கையில் திரும்பும் டிக்கெட் இருக்கிறது. ஆட்டக்காரரிடம் ஆஃப் பொத்தான் இருக்கிறது. பத்து மணி நேரம் ஆடிவிட்டு "அவங்க வலி எனக்குப் புரிஞ்சிடுச்சு" என்பது, அவர்கள் பேசும் முறையையும் சேர்த்துப் பறித்துக்கொள்வதுதான். வேடம் மற்றவரின் அனுபவத்தை நமக்குத் தராது. ஒரு நாற்காலியின் நிர்ப்பந்தத்தைக் காட்டும், அவ்வளவே. அதனால்தான் ஒடுக்கப்பட்டவராக ஆடவைப்பதைவிட, முத்திரை குத்தும் அதிகாரியாக ஆடவைத்த ஆட்டம் நேர்மையானதாக எனக்குப் படுகிறது. அந்த நாற்காலியில் நம்மில் பலர் ஏற்கனவே உட்கார்ந்திருக்கிறோம்.

ஆகவே ஓர் ஆட்டம் வேட ஆட்டமா என்று கேட்க எனக்கு ஒரு சோதனை இருக்கிறது. எண்களையெல்லாம் எடுத்துவிடுங்கள். நான் பதில் சொல்லியாக வேண்டிய ஒருவர் எதிரே நிற்கிறாரா? நிற்கிறார் என்றால் வேடம் இருக்கிறது. இல்லையென்றால் அது பேரேடு. இதற்கு மேலும் ஒரு கேள்வி பாக்கி. அந்த எதிர்நிற்பவர் எழுந்து, "விதியை நிறுத்து, இதை இப்படி ஆடக் கூடாது" என்று சொல்ல முடிகிற ஆட்டத்தை இன்னும் எந்த இயந்திரமும் முழுதாகத் தரவில்லை. பிரவுன்ஸ்டைனில் விதி போதாமல் போன அந்த இரவு அதற்கு ஒருமுறை பக்கத்தில் போனது. தமிழில் கேம் எழுத வருகிற இளைஞர்கள் லெவலும் புள்ளியும் இல்லாமல் அங்கிருந்து தொடங்குவார்களா?