உபயம் எழுதாத கருவிகள்

தாள இயந்திரம் என்றதும் இசை ஆர்வலர்களுக்கு ஜப்பான் நினைவுக்கு வரும். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் அதைப் பார்க்க ஏதாவது ஓர் அம்மன் கோயிலுக்குள் நுழைந்தால் போதும். மண்டபத்துச் சுவரோரம் ஓர் இரும்புச் சட்டம்; அதில் ஒரு முரசு, இரண்டு மணி, ஒரு தட்டு, அடியில் மோட்டார். தீபாராதனைக்குப் பூசாரி சுவிட்சைத் தட்டுவார். சுழலும் அச்சில் உள்ள புடைப்புகள் கோல்களைத் தூக்கித் தூக்கிப் போடும். புடைப்பு எங்கே இருக்கிறதோ அங்கே அடி விழும். 1980இல் ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட டிஆர்-808 கருவியில் வரிசையாக இருக்கும் 16 பொத்தான்கள் செய்வதும் அடிப்படையில் இதே வேலைதான். சட்டத்தின் மேல் பெயின்டில் எழுதியிருக்கும்: உபயம், இன்னார் குடும்பத்தார், இன்ன ஊர். சில கோயில்களில் வருடமும் உண்டு.

இந்த வட்டாரத்தில் மின்சாரத்தில் ஒலிக்கும் இசைக்கருவிகளில் யார் வாங்கியது என்று எழுத்தில் சான்று உள்ளது அநேகமாக இது ஒன்றுக்குத்தான். திருவிழா மேடைகளில் நாற்பது ஆண்டுகளாக வாசிக்கப்பட்ட கீபோர்டுக்கும், கோலால் தட்டி வாசிக்கும் எலக்ட்ரானிக் தாளப் பேடுக்கும் அப்படி எதுவும் இல்லை. வாசித்தவர்களின் பேச்சில் மட்டுமே அவை இருக்கின்றன.

நாகசுரம், தவில் கலைஞர்களுக்கு பி.எம். சுந்தரத்தின் ‘மங்கல இசை மன்னர்கள்’ இருக்கிறது. பம்பாய்த் திரையிசைக் கூடங்களில் வாசித்தவர்களைத் தேடிப் பிடித்துப் பேசவைத்து ஆய்வாளர் கிரெகரி பூத் 2008இல் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். பம்பாய்க்கு மூக் சிந்தசைசரைக் கொண்டுவந்த கெர்சி லார்ட் போன்றவர்களை வெளியார் அறிய அப்படிப்பட்ட வேலைகள்தான் உதவின. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகத்தை ஆராய்ந்த சூசன் சைசர், மேடையோரம் ஆல்ரவுண்ட் என்னும் தாளக்கருவித் தொகுதியை வாசிப்பவரையும் கவனித்து எழுதினார். ஆர்கெஸ்ட்ராவில் கேசியோ வாசித்தவரைப் பற்றி இந்த அளவு அக்கறையோடு எழுதிய தமிழ் நூல் எதுவும் என் கண்ணில் படவில்லை.

மேல்நாட்டு இசைக்காரர்கள் தங்கள் பழைய கருவிகளைப் பற்றிப் பேசினால் அது பெரும்பாலும் சொந்தம் கொண்டாடும் பேச்சாக இருக்கும்: எந்த மாடலை வாங்கினேன், எதை விற்றுத் தொலைத்தேன், இன்றைக்கு அதன் விலை என்ன. டிஆர்-808இன் கதையே அதுதான். 1983இல் நிறுத்தப்படும் வரை ஏறக்குறைய 12,000 மட்டுமே தயாரானது. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்த பிறகே அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் கையில் அது புகழ் பெற்றது. அதே கருவியைப் பம்பாய்க்குக் கொண்டுவந்த இசைக்கலைஞர் சரண்ஜித் சிங், 1982இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து இசைத்தட்டு வெளியிட்டார். அன்று யாரும் சீந்தவில்லை. 2010இல் மறுவெளியீடு கண்டதும் உலகம் கொண்டாடியது.

தமிழ்நாட்டில் இந்தக் கதையை வாடகையிலிருந்து தொடங்க வேண்டும். இசையமைப்பாளர் ஆர்.கே. சேகர் 1976இல் காலமானபோது மகன் திலீப்புக்கு ஒன்பது வயது. அப்பா வாங்கி வைத்த கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் பிழைத்தது. அந்தத் திலீப்தான் ஏ.ஆர். ரஹ்மான். கோடம்பாக்கத்திலேயே நிலைமை அப்படி என்றால் ஜெயங்கொண்டத்திலும் வேப்பந்தட்டையிலும் கேட்க வேண்டியதில்லை. குழுக்காரர் ஒருவர் கடன் வாங்கி ஒரு கீபோர்டு எடுப்பார். அது மூன்று குழுக்களுக்குச் சுற்றிவரும். வீட்டு நகை அடகுக்குப் போய்த்தான் பல பெட்டிகள் வீட்டுக்குள் வந்தன. லப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களில் வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த பெட்டிகளுக்கும் இதில் பங்குண்டு.

முதலில் வந்த பெயர் கேசியோ. 1980களின் தொடக்கத்தில் வந்த விஎல்-1 என்னும் குட்டிப் பெட்டியில் 29 கட்டைகளும் பத்துத் தாளங்களும் ஒரு கால்குலேட்டரும் இருந்தன. பொத்தான்களில் வால்ட்ஸ், பாசா நோவா, ரும்பா என்றெல்லாம் அச்சிட்டிருக்கும். நம்மவர்கள் அந்தப் பெயர்களைப் பொருட்படுத்தவில்லை. எந்தப் பொத்தான் எந்த சினிமாப் பாட்டுக்கு ஒத்துப்போகும் என்பதே கணக்கு. 1986இல் ‘விக்ரம்’, ‘புன்னகை மன்னன்’ படங்கள் கணினி இசை என்று பேசப்பட்டதும், 1992இல் ‘ரோஜா’ வந்ததும் மேடையில் கீபோர்டு இல்லாத குழுவுக்கு அட்வான்ஸ் கொடுக்க ஊர்க்காரர்கள் யோசித்தார்கள். யமஹா வந்தாலும் ரோலண்ட் வந்தாலும் கிராமத்தில் அது கேசியோதான். விரல் பழக நல்ல இடம் தேவாலயம். ஞாயிறுதோறும் பாட்டு, வருடந்தோறும் திருவிழா. வீரமாமுனிவர் பணியாற்றிய ஏலாக்குறிச்சி இருக்கும் வட்டாரத்தில் இதற்குக் குறை கிடையாது.

ஆர்மோனியக்காரர் பாடகரின் கட்டைக்குத் தகுந்தபடி விரலை மாற்றி வாசித்தாக வேண்டும். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் தீர்ந்தது. கமகம்தான் சங்கடம். இடக்கையால் பிட்ச் பெண்ட் சக்கரத்தை உருட்டி அதைப் பிடிக்கலாம் என்று கீபோர்டு கலைஞர் கே. சத்யநாராயணன் கர்நாடக இசை மேடையிலேயே காட்டினார். ஊர் மேடையில் அதற்கெல்லாம் ஏது நேரம்? இடக்கைக்குத் தாளத்தை மாற்றுகிற வேலையே சரியாக இருக்கும்.

பேடுதான் இந்த வட்டாரத்தின் உண்மையான சாதனை என்பேன். ரோலண்ட் 1985இல் ஆக்டோபேட் என்ற பெயரில் எட்டுத் தட்டுகள் கொண்ட கருவியை விட்டது. பிறகு யார் எதைக் கொண்டுவந்தாலும் நம் ஊரில் அது ஆக்டோபேட்தான். 1998இல் வந்த எஸ்பிடி-20 அளவுக்கு ஒரு கருவி இங்கே வேரூன்றியதில்லை. உள்ளே 700 ஒலிகள்; வெளியிலிருந்து ஓர் ஒலியைப் பதிந்து ஏற்ற வழி கிடையாது. பம்பைக்கும் உறுமிக்கும் தவிலின் தொப்பிக்கும் என்ன செய்வது? ஒரே தட்டில் இரண்டு ஒலிகளை அடுக்கி, ஒன்றின் சுருதியை இறக்கி, இன்னொன்றின் கார்வையைக் குறைத்து, இரவெல்லாம் காதால் தேடிக் கண்டுபிடித்தார்கள். அப்படிச் செய்து வைத்த டோன் ஒவ்வொருவருக்கும் ரகசியம். கச்சேரி முடிந்ததும் அதைப் பேடிலிருந்து அழித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு, அடுத்தவன் திருடிவிடுவான் என்று. சிந்தசைசர் நிரலாக்கம் என்று பல்கலைக்கழகங்களில் சொல்லித்தருகிற வித்தையை இவர்கள் கையேடு படிக்காமலே செய்தார்கள்.

கருவிகளுக்கு வந்த அடுத்த சோதனை தூசு. அரியலூர் மண் ஒரு காலத்தில் கடலடி. அங்கே படிந்த சுண்ணாம்புக் கல்லை வெட்டித்தான் சிமென்ட் ஆலைகள் ஓடுகின்றன. லாரி போகிற சாலையோரப் பந்தலில் ஒரு ராத்திரி வாசித்தால் கீபோர்டின் மேல் விரலால் பெயர் எழுதலாம். கட்டைக்கு அடியில் ரப்பர் பட்டை, அதில் கரிப்பொட்டு. அது சர்க்யூட் தகட்டைத் தொட்டால்தான் சுரம். தூசு புகுந்தால் ஒரு சுரம் ஊமையாகும், இன்னொன்று மெல்லத் தொட்டாலே அலறும். பெட்டியைத் திறந்து ஸ்பிரிட்டில் துடைத்து, கரி தேய்ந்த இடத்தில் பென்சிலைத் தேய்த்து மூடுவது கைவைத்தியம். அதற்கும் மசியாவிட்டால் திருச்சிக்குப் பஸ் ஏற வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த 100 வோல்ட் பெட்டியை நம் 230 வோல்ட்டில் சொருகிப் புகைய விட்ட கதைகள் தனி. பிளாப்பியில் பாட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்குப் பூஞ்சை எதிரி.

மாவட்டமும் இவர்களைச் சும்மா விடவில்லை. 1995இல் பெரம்பலூர் பிறந்தது, 2001இல் அரியலூர் பிரிந்தது, 2002இல் மீண்டும் சேர்ந்தது, 2007இல் மறுபடி பிரிந்தது. ஒவ்வொரு முறையும் மாவட்டப் பெயரை மாற்றி நோட்டீஸ் அடித்த குழுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

எலக்ட்ரானிக் பெட்டி மனிதர்களின் பிழைப்பைக் கெடுத்தது என்ற குற்றச்சாட்டில் பாதி உண்மை. பெங்களூர் ராடெல் போன்ற நிறுவனங்களின் சுருதிப்பெட்டி வந்த பிறகு நாகசுரக் குழுவில் ஒத்து ஊதுகிறவருக்கு இடமில்லை. கோயிலில் மோட்டார் மேளம் ஓடத் தொடங்கியதும் தினசரி பூசைக்கு மேளக்காரர் வேண்டியதில்லை என்றாயிற்று. இதற்கு நேர்மாறாக நடப்பதும் உண்டு. செல்போனில் டிராக் போட்டுப் பாடும் வழக்கம் வந்து பேடுக்காரரை மேடையிலிருந்து இறக்கிவிட்டது. அதே திருவிழாவுக்குக் கேரளத்திலிருந்து ஆள் கூட்டமாகச் செண்டை மேளம் வருகிறது. தோல் கட்டிய மேளத்துக்குக் காசு இருக்கிறது, தோல் மேளத்தைப் போலவே ஒலிக்க இருபது வருடம் பழகிய கைக்குத்தான் வேலை இல்லை. யமஹா இன்று சென்னைக்குப் பக்கத்திலேயே ஆலை வைத்திருக்கிறது. தபேலாவும் தம்புராவும் உள்ளே வைத்து இந்தியாவுக்கென்றே மாடல்கள் விற்கிறது. அதில் பயிற்சி வசதிக்குப் பெயர் ‘ரியாஸ்’. நம் பக்கத்தில் அதைச் சாதகம் என்போம்.

பரணில் பழைய கீபோர்டோ எஸ்பிடி-20ஓ கிடந்தால் இரும்புக் கடைக்குப் போடுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். யார் வாங்கியது, எந்த வருடம், என்ன விலை, எந்தெந்த ஊர்த் திருவிழாவில் வாசித்தது என்று நான்கு வரி எழுதி அதன் அடியில் ஒட்டுங்கள். டோன் இன்னும் உள்ளே இருந்தால் எட்டுத் தட்டையும் ஒவ்வொன்றாகத் தட்டி செல்போனில் பதிந்துகொள்ளுங்கள். கோயில் மேளத்துக்கு உபயம் எழுதிய ஊர்தானே இது.