அஃறிணைக்கு அழுதல்

நாய் வளர்த்த வீட்டில் இலக்கணம் தவறுவது அது இறந்த அன்றைக்குத்தான் வெளியாருக்குத் தெரியும். "செத்துப்போச்சு" என்று அந்த வீட்டார் சொல்வதில்லை. "மணி போயிட்டான்" என்கிறார்கள். கேட்பவர் யாரோ என்று பதறுவார். நாய் என்று தெரிந்ததும் மூச்சு விட்டு, "நாய்தானே, வேற ஒண்ணு வாங்கிக்கலாம்" என்பார். அந்த ஒரு மூச்சுக்குள் உயர்திணை அஃறிணையாக இறங்கிவிடுகிறது.

நன்னூலார் இந்தச் சறுக்கலை அறிந்தவர். உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு என்ற ஐந்து காரணங்களால் திணையும் பாலும் மாறி வந்தாலும் அது இயல்பே என்று விதி செய்தார். தன் பசுவை ஒருவன் அம்மை என்று சொல்லி, 'வந்தாள்' என்று வினை முடிப்பது உவப்புக்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்று. வழுதான், ஆனால் அமைதி பெற்ற வழு. நாய்க்கும் மனிதருக்குமான பிணைப்பைப் பற்றித் தொல்லியலும் இலக்கியமும் உளவியலும் சேர்த்துவைத்திருப்பதைப் புரட்டினால், எல்லாம் இந்த வழுவமைதியைச் சுற்றியே வருகின்றன.

குழியும் கல்லும்

ஜெர்மனியின் பான் நகரத்தை ஒட்டிய ஓபர்காசலில் 1914இல் கல்லுடைத்தவர்கள் ஒரு புதைகுழியைக் கண்டார்கள். ஓர் ஆண், ஒரு பெண், கூடவே விலங்கெலும்புகள். ஏறத்தாழ 14,000 ஆண்டுப் பழமை. அந்த எலும்புகளில் ஒரு நாயும் இருப்பது பல பத்தாண்டுகள் கழித்தே அடையாளம் காணப்பட்டது. அதன் பற்களை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, அது ஏறக்குறைய ஏழு மாதக் குட்டி என்றும், டிஸ்டெம்பர் என்னும் கொடிய நோயில் வாரக்கணக்கில் கிடந்திருக்கிறது என்றும் சொன்னது. அந்த நிலையில் உள்ள குட்டி வேட்டைக்கும் உதவாது, காவலுக்கும் உதவாது. யாராவது உடல் துடைத்து, தண்ணீர் புகட்டியிருந்தால் ஒழிய அத்தனை நாள் தாங்கியிருக்க முடியாது என்பது ஆய்வாளர் கருத்து. பயன் கருதித்தான் மனிதன் நாயைச் சேர்த்துக்கொண்டான் என்ற பழைய விளக்கம் இந்தக் குழியருகே தடுமாறுகிறது.

நம் பக்கம் இதே செய்தி கல்லில் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூர் நடுகல், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளுக்காக நடந்த பூசலில் பட்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். வீரனுக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளரைக் கடித்துக் காத்தது என்றும் தனியே பொறித்திருக்கிறார்கள். எத்தனையோ மனிதர்களின் பெயரைத் தவறவிட்ட 7ஆம் நூற்றாண்டு, ஒரு நாயின் பெயரை வைத்திருக்கிறது.

கர்நாடகத்து ஆதகூர்க் கல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் மடிந்ததைச் சொல்லும் அதே கல்லில்தான் காளி என்ற வேட்டைநாய் பன்றியோடு மோதி இறந்ததும் இருக்கிறது. வெற்றிக்குப் பரிசாக என்ன வேண்டும் என்று கேட்டபோது மணலேரன் என்ற வீரன் அந்த நாயைக் கேட்டு வாங்கியிருந்தான். கல்லுக்குப் பூசை செய்யாமல் உண்ணும் பூசாரிக்குப் பாவம் சேரும் என்றும் எழுதிவைத்தார்கள். ஒரு சோழ இளவரசனுக்குப் பக்கத்தில் ஒரு நாய்: சிறப்பினால் வந்த வழுவமைதி.

ஏடுகளில்

இலக்கியத்தில் நிலைமை சிக்கலானது. நாலடியார், அறிந்திருந்தும் பாகனைக் கொல்லும் யானையையும், எறிந்த வேல் உடலில் நிற்கும்போதும் வாலைக் குழைக்கும் நாயையும் எதிரெதிரே நிறுத்தி, நாய் போன்றவரின் நட்பையே கொள்ளச் சொல்கிறது. மாணிக்கவாசகரோ தன்னைத் தாழ்த்திக்கொள்ள நாயைத்தான் தேடுகிறார். அன்றாடப் பேச்சில் நாய்ப்பிழைப்பும் நாய் படாத பாடும் மிஞ்சின. தமிழில் நாய்க்காக அழுபவர் முதலில் மல்லுக்கட்ட வேண்டியது இந்தச் சொற்களோடு.

மகாபாரதத்தில் தருமன், கூட வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் வேண்டாம் என்கிறான். நெகிழ்ச்சியான இடம்தான். ஆனால் அடுத்த நொடி நாய் தருமதேவதையாகிவிடுகிறது. நாய் நாயாகவே சொர்க்கம் போகக் கதை இடம் தரவில்லை. ஹோமரின் ஒடிசியில் ஆர்கோஸ் கடைசி வரை நாய்தான். இருபது ஆண்டு கழித்துப் பிச்சைக்கார வேடத்தில் திரும்பும் தலைவனை அது உடனே அறிந்துகொள்கிறது. குப்பைமேட்டில் கிடந்தபடி வாலாட்டிவிட்டு இறக்கிறது. வேடம் கலைந்துவிடும் என்பதால் ஒடிசியஸ் பக்கத்திலிருப்பவன் பார்க்காமல் கண்ணீரைத் துடைத்துக்கொள்கிறான்.

டோக்கியோவின் ஹச்சிகோ என்ற நாயின் கதை உலகறிந்தது. வளர்த்த பேராசிரியர் உவேனோ 1925இல் இறந்தபின், 1935இல் தான் இறக்கும்வரை அது ஷிபுயா ரயில் நிலையத்தில் காத்திருந்தது. உயிரோடு இருந்தபோதே சிலை வைத்தார்கள். மனிதனுக்காக நாய் ஏங்கினால் ஊர் நடுவில் சிலை. நாய்க்காக மனிதன் ஏங்கினால் அது வீட்டுக்குள் முடங்கவேண்டிய விஷயம். நவீன காலத்தின் ஓரவஞ்சனை இது.

சோதனைக்கூடத்தில்

1998இல் புடாபெஸ்ட் ஆய்வாளர்கள், தாய்க்கும் குழந்தைக்குமான பிணைப்பை அளக்க மேரி ஐன்ஸ்வொர்த் உருவாக்கிய சோதனையை நாய்களுக்கு வைத்தார்கள். புது அறையில் வளர்ப்பவர் இருந்தால் நாய் துணிந்து சுற்றிப் பார்த்தது; அவர் வெளியே போனால் கதவருகே நின்றது; திரும்பியதும் ஓடி ஒட்டிக்கொண்டது. குழந்தைகளிடம் கண்ட அதே போக்கு. 2015இல் ஜப்பானிய ஆய்வொன்று, நாயும் வளர்ப்பவரும் நெடுநேரம் கண்ணோடு கண் நோக்கும்போது இருவரிடமும் ஆக்ஸிடோசின் சுரப்பு கூடுவதைக் காட்டியது. தாய்–சேய் பிணைப்பில் பங்குள்ள சுரப்பு அது. மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் இது தென்படவில்லை. பிள்ளை மாதிரி என்று சொல்வது வெறும் உவமையாக நிற்கவில்லை.

துக்கம் விசாரிக்க வராதவர்கள்

பிணைப்பு அப்படியென்றால் பிரிவும் அப்படித்தானே இருக்க வேண்டும்? ஆனால் சடங்கு இல்லை. பறையில்லை, பதினாறாம் நாள் இல்லை, அலுவலகத்தில் விடுப்பு இல்லை. கொல்லை உள்ளவர்கள் தென்னை அடியில் புதைக்கிறார்கள். அடுக்குமாடிக்காரருக்கு அந்த மண்ணும் இல்லை. அமெரிக்க அறிஞர் கென்னத் டோகா 1989இல் இத்தகைய துயரத்துக்கு ஒரு பெயர் வைத்தார்: உரிமை மறுக்கப்பட்ட துக்கம். சமூகம் இழப்பை இழப்பாக ஏற்காதபோது, அழுபவர் அழுவதோடு அழுகைக்குக் காரணமும் சொல்லவேண்டியிருக்கிறது. ஒடிசியஸ் துடைத்த கண்ணீர் அந்த வகை.

மனிதச் சாவில் அரிதான இன்னொன்றும் இங்கே உண்டு. நாளும் நேரமும் குறிப்பவர் பலமுறை வளர்த்தவரேதான். "ஊசி போட்டுடலாமா?" என்று மருத்துவர் கேட்க, தலையசைத்தவர் அவர். ஒரு வாரம் முன்னாலேயே செய்திருக்கணுமோ, ஒரு வாரம் பொறுத்திருக்கலாமோ என்று இரண்டு பக்கமும் அறுக்கும் கேள்வி பிறகு மாதக்கணக்கில் நிற்கும்.

துக்கம் என்பது இறந்தவரிடமிருந்து மனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுக்கும் வேலை என்று 1917இல் எழுதினார் ஃபிராய்டு. 1937 ஜனவரியில் அவருடைய சௌ இன நாய் ஜோஃபி இறந்தது. நோயாளிகளோடு அவர் பேசும் அறையில் கூடவே படுத்திருந்த நாய். ஏழாண்டு நெருக்கத்தை எளிதில் கடக்க முடியாது என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார் அவர். 1996இல் டென்னிஸ் கிளாசும் உடன் ஆய்வாளர்களும் வேறு வழி காட்டினார்கள்: உறவு அறுவதில்லை, உருமாறித் தொடர்கிறது. கழுத்துப்பட்டையை ஆணியில் தொங்கவிட்டிருப்பவரை நோயாளியாகப் பார்க்கவேண்டியதில்லை.

எடத்தனூர்ச் சிற்பி இதை 1,400 ஆண்டுக்கு முன்பே ஒரு வினைச்சொல்லில் செய்திருக்கிறான். வீரனுக்கு அவன் தந்த சொல் 'பட்டான்'; அவன் கதை அதோடு முடிந்தது. கோவிவன் செத்ததைக் கல் சொல்லவில்லை. 'காத்திருந்தவாறு' என்று மட்டும் வெட்டியிருக்கிறது. அது இன்னும் அந்த வீரனுக்குப் பின்னால்தான் நிற்கிறது.