5,000 ரூபாய்க்குக் குறைந்த நாய்

திருட்டு என்றால் என்ன என்பதை விளக்க 1860-ஆம் ஆண்டு இந்திய தண்டனைச் சட்டம் ஒரு நாயையும் உதாரணம் காட்டியது. பையில் தீனி வைத்துக்கொண்டு அடுத்தவர் நாயை ஒருவன் ஆசைகாட்டி இழுக்கிறான். அபகரிக்கும் எண்ணம் இருந்தால், நாய் அவன் பின்னால் நடக்கத் தொடங்கியதுமே அது திருட்டு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆவது பிரிவிலும் அந்த உதாரணம் இருக்கிறது.

அதே பிரிவுதான் விலையையும் கேட்கிறது. திருடுபோனதன் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு, முதல் குற்றம், பொருளும் திரும்பி வந்துவிட்டது என்றால் சமூக சேவையோடு முடிந்துவிடும். மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் புலனாய்வு செய்ய முடியாத வகையில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். ரசீதோடு வாங்கிய லாப்ரடாருக்கு விலை சொல்லிவிடலாம். சென்னைக்குத் தெற்கே படூரில் தெருவிலிருந்து தூக்கிவந்து எட்டு வருடம் சோறு போட்டு வளர்த்த நாட்டு நாய்க்குக் காவல் நிலைய எழுத்தர் எந்தத் தொகையை எழுதுவார்? புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு அதை வளர்த்த குடும்பம் வீடு திரும்ப வேண்டியதுதான். விலங்கைக் கொல்வது, முடமாக்குவது பற்றிய பழைய பிரிவுகளில் 10 ரூபாய், 50 ரூபாய் என்று மதிப்பு வரம்பு இருந்தது. புதிய 325-ஆவது பிரிவு அதை எடுத்துவிட்டது. கொன்றால் விலை கேட்காத சட்டம் திருடினால் மட்டும் கேட்பது நியாயமே இல்லை.

சென்னை மாநகராட்சி 2025-இல் வளர்ப்பு நாய்களுக்கு உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம் என்றது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். நல்ல முடிவு. வெறிநோய்த் தடுப்பையும் தெருவில் நாய்களைக் கைவிடுவதையும் மனத்தில் வைத்துச் செய்ததென்றாலும் திருட்டு வழக்குக்கும் அது உதவும். தோள்பட்டைகளுக்கு நடுவே, தோலுக்கடியில் அரிசி அளவில் கிடக்கும் சிப் அது. ஸ்கேனரைக் கிட்டத்தில் பிடித்தால் 15 இலக்க எண் வரும். இது யார் நாய் என்ற தகராறு அங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் நாய் இப்போது எங்கே இருக்கிறது என்று சிப் சொல்லாது. யாராவது ஸ்கேனரை வைத்துப் பார்த்தால்தான் உண்டு. மாநகராட்சி எல்லையோ பழைய மகாபலிபுரம் சாலையில் செம்மஞ்சேரியோடு நின்றுவிடுகிறது. நாவலூர், படூர், கேளம்பாக்கம் எல்லாம் அதற்குத் தெற்கே. திருடியவனுக்கு அந்த எல்லை ஒரு பொருட்டா?

பிரிட்டன் வேறு இடத்தில் தொடங்கியது. கொரோனா காலத்தில் நாய்க்குட்டி விலை ஏறியதும் 2021-இல் தனிப் பணிக்குழு அமைத்து, போலீஸ் பதிவுகளைத் திரட்டியது. 2020-இல் சுமார் 2,000 நாய்த் திருட்டுப் புகார்கள் என்று தெரிந்தது. பதிவுமுறை சரியில்லை என்பதையும் அந்தக் குழு மறைக்கவில்லை. 2024-இல் வந்த தனிச் சட்டம் நாய், பூனை கடத்தலுக்கு ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. அந்தத் தண்டனையை இங்கே அப்படியே கொண்டுவரத் தேவையில்லை. நம் 303-ஆவது பிரிவிலேயே மூன்றாண்டு வரை சிறை இருக்கிறது. எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்கள் எண்ணிப் பார்த்ததைத்தான். நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் களவுப் பொருள் அட்டவணையில் கால்நடைக்கு இடம் உண்டு, வளர்ப்பு நாய்க்குத் தனி இடம் இல்லை. அந்த ஒரு வரியைச் சேர்க்கவும், செங்கல்பட்டு மாவட்டக் கால்நடை மருந்தகங்களுக்கும் காவல் நிலையங்களுக்கும் ஸ்கேனர் கொடுக்கவும் புதுச் சட்டம் வேண்டாம். 5,000 ரூபாய் வரம்பிலிருந்து வளர்ப்பு விலங்கை விலக்கத்தான் சட்டத் திருத்தம் வேண்டும்.