நாலு நாள் ஜன்னலோரம்

திப்ருகரிலிருந்து கன்னியாகுமரிக்கு ரயிலில் வந்தேன் என்று சொன்னால், "ஏன், ஃப்ளைட் கிடைக்கலையா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். கிடைத்தது. வேண்டாமென்று விட்டேன். விவேக் எக்ஸ்பிரஸ்! சுமார் 4,200 கிலோமீட்டர், 9 மாநிலம், ஏறக்குறைய 75 மணி நேரம். இந்தியாவில் இதைவிட நீளமாக ஒரே ரயிலில் உட்கார்ந்து வர முடியாது. இறங்கி ஒரு மாதமாகிறது. வீட்டில் யார் எந்தப் பேச்சை எடுத்தாலும் அதை இந்த ரயிலில் கொண்டுபோய் ஏற்றிவிடுகிறேன்.

ஏறுவதற்கு முன்பே முதல் ஆச்சரியம். தேயிலை என்றால் நமக்கு மலைதானே? குன்னூரையும் வால்பாறையையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, திப்ருகர் பக்கத்துத் தோட்டங்கள் தலைகீழ்ப் பாடம். வயல் மாதிரி தரையோடு தரையாகத் தேயிலை! கடல் மட்டத்திலிருந்து 100 மீட்டர் சொச்சம்தான் உயரம். வேரில் தண்ணீர் நிற்கக்கூடாதென்று செடிகளுக்கு நடுவே வாய்க்கால் வெட்டி, நிழலுக்கு வாகை இன மரங்களை நட்டிருக்கிறார்கள். நவம்பரில் நாலரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. குஜராத்துக்கும் அசாமுக்கும் ஒரே கடிகாரம் என்றால் வேறென்ன ஆகும்? அதனால் தோட்டங்களில் தனி நேரமே வைத்திருக்கிறார்கள், நம் கடிகாரத்துக்கு ஒரு மணி முன்னால். 'பாகான் டைம்' என்று பெயர். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

விடிவதற்கு முன் ஹோஜாயில் ஒரு பையன் ஏறினான். எதிர் பெர்த். கேரளத்தில் பெரும்பாவூர் பக்கம் பிளைவுட் கம்பெனியில் வேலை, ஊருக்கு வந்து திரும்புகிறான். மடியில் ஒரு பொட்டலம். அதை என் பக்கம் நீட்டி, "தாமுல்?" என்றான். "தமிழா?" என்று கேட்கிறானாக்கும் என்று நினைத்து, "ஆமா, தமிழ்தான்!" என்று பெருமையாகத் தலையாட்டினேன். வெற்றிலையோடு ஒரு பச்சைப் பாக்கு கைக்கு வந்தது. அசாமியில் பாக்குக்குத் தாமுல் என்று பெயராம்! வாயில் போட்ட இரண்டாவது நிமிஷம் காது சூடாகி, நெற்றி வியர்த்து, தலை கிர்ரென்றது. படுத்துவிட்டேன். பிரம்மபுத்திராவைக் கடந்ததை அப்படித்தான் தூங்கித் தொலைத்தேன். அதற்காகவே இன்னொரு முறை போக வேண்டும்.

ஆனால் சிலிகுரிக்கு முழித்துக்கொண்டேன். கோழிக் கழுத்து என்று மேப்பில் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் நேபாளம், இன்னொரு பக்கம் வங்கதேசம், நடுவே மிகக் குறுகலான இடத்தில் 20 கிலோமீட்டர் சொச்சம்தான் இந்தியா. வடகிழக்கு மாநிலங்களுக்குப் போகிற ரயில், ரோடு எல்லாம் இதற்குள்தான் நுழைய வேண்டும். பிரிவினைக்கு முன் அசாம் ரயில் கிழக்கு வங்கம் வழியாகப் போனது. 1947-இல் எல்லை விழுந்ததும் அசாமுக்கு இந்தியாவுக்குள்ளேயே போகிற ரயில் பாதை கிடையாது! அவசர அவசரமாகப் பாலங்களைக் கட்டி, 1950 ஜனவரியில் பயணிகளைக் கொண்டுபோனார்கள். இமயத்திலிருந்து இறங்கும் ஆறுகளை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போட்ட பாதை. தீஸ்தா பாலத்தில் வண்டி தடதடத்தபோது கீழே பார்த்தேன்: அகல அகலமாக வெள்ளை மணல், நடுவே நீலமாக நாலைந்து நூல். மழைக்காலத்தில் அந்த நூல்களெல்லாம் ஒன்றாகிவிடுமாம். ஒரு நாட்டின் கழுத்துக்குள் உட்கார்ந்து வெஜ் கட்லெட் சாப்பிடுகிறோம் என்ற நினைப்பே புல்லரிக்க வைத்தது.

பீகார் இரண்டு டீக்குள் முடிந்தது. ஃபரக்கா அணையில் கங்கை இருட்டில் சத்தமாக மட்டும் வந்துபோனது. ஜார்க்கண்டைக் கேட்டால் சத்தியமாக ஒன்றும் சொல்லத் தெரியாது.

காலையில் கண் விழித்தால் ஒடிசா. இடப்பக்கம் சிலிகா ஏரி, வலப்பக்கம் கிழக்குத் தொடர்ச்சி மலை, நடுவில் நாங்கள். ஏரி என்று சொல்வது அநியாயம், கரை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. அதைத் தாண்டினால் கஞ்சம் மாவட்டம். நம் பாட்டிமார் ஜடையில் வைத்துப் பின்னிய தாழம்பூவிலிருந்து அங்கே அத்தர் வடிக்கிறார்கள். பிறகு ஆந்திரம் முழுக்கப் பனை, பனை, பனை.

பொழுது சாயும்போது ராஜமுந்திரி. கோதாவரிப் பாலத்தில் வண்டி ஏறியதும் பெட்டி முழுக்க எழுந்து நின்றது. ஜன்னல் கம்பி வழியாகக் காசு எறிந்தார்கள், நானும் எறிந்தேன். நாசிக் பக்கம் திரியம்பகத்தில் பிறக்கிற ஆறு இது. அங்கிருந்து அரபிக்கடல் 80 கிலோமீட்டர்தான். ஆனாலும் அந்தப் பக்கம் இறங்காமல், தக்காணம் கிழக்கே சாய்ந்திருக்கிறது என்பதற்காக 1,465 கிலோமீட்டர் நடந்து வங்கக் கடலுக்கு வருகிறது! ஒன்பதாம் வகுப்பில் மார்க்குக்காக மனப்பாடம் செய்த சமாசாரம், அன்றைக்குக் காலுக்குக் கீழே செம்மண் கலரில் ஓடியது.

இன்னொன்று. அசாமில் நெல் கதிர் முற்றி அறுப்புக்கு நின்றது. கோதாவரி டெல்டாவிலும் அறுப்புதான். மறுநாள் காலை சேலத்தில் முழித்தால் ஐப்பசி மழை கொட்டுகிறது, சம்பா பச்சைப்பசேலென்று முழங்கால் உயரம் நிற்கிறது. நாலு நாள் முன்னால் போக, நெல்லுக்கு வயது குறைந்திருந்தது.

கோவை தாண்டியதும் அதுவரை போனைவிட்டுத் தலை நிமிராத பையன் எழுந்து கதவோரம் போய் நின்றான். நானும் போனேன். மேற்குத் தொடர்ச்சி மலை என்பது சுவர். வடக்கே நீலகிரியில் தொட்டபெட்டா 2,637 மீட்டர், தெற்கே ஆனைமுடி 2,695. அந்தச் சுவரில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு யாரோ கதவைத் திறந்து வைத்த மாதிரி பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக் காற்று இந்த வழியாகத்தான் பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் நுழைகிறது. வாளையாறு வரைக்கும் கருவேலம், பனை, வறண்ட காற்று. அப்புறம் அரை மணி நேரத்தில் காற்றில் ஈரம், ஓட்டு வீடு, வாழை, வீட்டுக்கு வீடு ஒல்லி ஒல்லியாகக் கமுகு. ஊர் எல்லை போர்டு எதையும் படிக்க வேண்டாம், தோலுக்கே தெரிகிறது.

பையன் கமுகைக் காட்டி, "தாமுல்!" என்றான். முகமெல்லாம் சிரிப்பு. பிறகு மலையாளத்தில், "நாட்டிலும் இதுதன்னே, சேட்டா" என்றான். உண்மைதான். தேயிலைத் தோட்டத்தைத் தாண்டினால் அவன் ஊரிலும் இதே கமுகு, இதே குளம், இதே ஈரம். நாட்டின் இரண்டு ஓரமும் ஒரே மாதிரி இருக்க, நடுவிலேதான் இத்தனை வேறுபாடு!

ஆலுவாவில் இறங்கும்போது பொட்டலத்தில் மீதியிருந்ததை என் கையில் திணித்துவிட்டுப் போனான். சும்மா இருந்திருக்கலாம். திருவனந்தபுரம் தாண்டியதும் ஆசை விடவில்லை, ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். கன்னியாகுமரியில் தண்டவாளம் முடிகிற இடத்தில், ராத்திரி கடல் காற்றில், இரண்டு காதும் தீயாகச் சுட இறங்கி நின்றேன்.