சுருக்கெழுத்துக்காரரும் கோட்டைப் பிரபுவும்

பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ 1897இல் வந்த நாவல். அதன் 27 அத்தியாயங்களையும் ஒரே மூச்சில் படித்து முடிக்க நினைக்காதீர்கள். முதல் நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு, இரவுக்கு ஒன்றாகப் படியுங்கள். வீடு வாங்கும் பத்திரங்களோடு இங்கிலாந்திலிருந்து டிரான்சில்வேனிய மலைக் கோட்டையில் இருக்கும் டிராகுலா பிரபுவிடம் போகும் ஜோனதன் ஹார்க்கர் என்ற இளம் வழக்கறிஞரின் நாட்குறிப்பு அது. மே 3இல் தொடங்கி ஜூன் 30இல் நிற்கிறது. சினிமாவில் பார்த்த கோரைப் பல்லையும் கறுப்பு அங்கியையும் அதுவரை மறந்துவிடுங்கள்.

முதல் பத்தியிலேயே வருவது ரயில் நேரம். மியூனிக்கில் இரவு 8.35க்குப் புறப்பட்ட வண்டி காலை 6.46க்கு வியன்னா சேர வேண்டும்; ஒரு மணி நேரம் தாமதம். அடுத்து, மிளகாய்ப் பொடி போட்ட கோழிக் குழம்பு. தாகம் எடுக்கிறது, ஆனாலும் வருங்கால மனைவிக்காகச் செய்முறை கேட்டு வைத்துக்கொள்கிறார். கோதிக் நாவலின் முன்னோடி என்று சொல்லப்படும் ஹொரேஸ் வால்போலின் கதையில் (1764) தொடக்கத்திலேயே ராட்சதத் தலைக்கவசம் விழுந்து மணமகன் நசுங்கிச் சாகிறான். ஸ்டோக்கரின் வழி வேறு. கால அட்டவணை, வரைபடம், அகராதி என்று நம் கைக்குப் பழகிய பொருள்களை முதலில் தருகிறார். பிறகு ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்கிறார். ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு அந்த இடங்களைக் குறியுங்கள். எந்த வரைபடத்திலும் கோட்டை இல்லை. சவரக் கண்ணாடியில் பிரபுவின் முகம் இல்லை. எந்தக் கதவும் திறக்கவில்லை.

எனக்கு மிகவும் பிடித்த இடத்தில் ரத்தமே கிடையாது. ஹார்க்கர் தன் அறைக்குத் திரும்பிப் பார்க்கிறார்: பிரபு படுக்கையைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். பிறகு கதவிடுக்கு வழியாகப் பார்த்தால், சாப்பாட்டு மேசையையும் அவரே எடுத்து வைக்கிறார். அவ்வளவுதான். வேலைக்காரர்களே இல்லை என்று ஹார்க்கருக்கு அப்போது உறுதியாகிறது. அப்படியென்றால் ஓநாய்கள் சூழ்ந்த இரவில் தன்னை வண்டியில் கூட்டிவந்தது யார்? ஒரு வீட்டு வேலையைக் காட்டி இவ்வளவு பயமுறுத்திய எழுத்தாளரை நான் வேறு படித்ததில்லை. அந்த இடத்தில் நிறுத்தி, முதல் அத்தியாயத்தின் வண்டிப் பயணத்தை மறுபடி ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள்.

கோட்டைக்குப் போகுமுன் ஹார்க்கர் தங்கும் பிஸ்ட்ரிட்ஸ் ஊர் மக்களையும் கவனியுங்கள். விடுதிக்காரப் பெண் மண்டியிட்டு, ‘போகவேண்டாம்’ என்கிறாள். தன் கழுத்துச் சிலுவையைக் கழற்றி அவருக்குப் போடுகிறாள். கூட்டம் அவரை நோக்கி இரண்டு விரலை நீட்டுகிறது. திருஷ்டிக்குக் காப்பு என்று ஒருவர் விளக்கிய பிறகே ஹார்க்கருக்குப் புரிகிறது. கடை வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கும் நகரத்து வாசகருக்கு அந்த விளக்கமே தேவையில்லை. மேற்கை விட்டுக் கிழக்குக்குள் நுழைவதாக எண்ணும் ஹார்க்கர் இதையெல்லாம் மூடநம்பிக்கைக் கணக்கில் எழுதிக்கொள்கிறார். ஆனால் பிரபுவின் கை அவர் தொண்டைக்குப் பாயும்போது தடுப்பது அந்தப் பெண் போட்ட சிலுவையின் மணிமாலைதான்.

நாட்குறிப்பு முழுவதும் சுருக்கெழுத்தில் எழுதப்பட்டது. மும்பை மாட்டுங்காவின் பழைய தமிழ்க் குடும்பங்களுக்கு இதைச் சொன்னால் போதும், மேலே விளக்கவேண்டாம். தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் டைப்பும் ஷார்ட்ஹேண்டும் பாஸ் பண்ணிவிட்டு, அந்தச் சான்றிதழை நம்பிப் பம்பாய்க்கு ரயிலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா! அந்தக் கோடுகளும் வளைவுகளும்தான் கோட்டைக்குள் ஹார்க்கரின் ஒரே ஆயுதம். நான்காம் அத்தியாயத்தில் அவர் காதலிக்கு எழுதிய சுருக்கெழுத்துக் கடிதம் பிரபுவின் கையில் சிக்குகிறது. படிக்க முடியாத கோபத்தில் அதை விளக்கில் காட்டி எரிக்கிறார்.

மும்பைத் தமிழர்கள் நின்று நிதானமாகப் படிக்கவேண்டிய பக்கம் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. பிரபுவின் நூலகம் முழுக்க இங்கிலாந்துப் புத்தகங்கள். லண்டன் முகவரிக் கையேடுகூட உண்டு. ஆங்கிலம் தெரிந்தவர், ஆனாலும் பயப்படுகிறார். இங்கே நான் பிரபு, அங்கே போனால் அந்நியன். என் பேச்சைக் கேட்டு எவனும் திரும்பிப் பார்க்கக்கூடாது, உச்சரிப்பைச் சரிசெய்து கொடு என்கிறார். திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்தவர்களும் செம்பூரில் குடியேறியவர்களும் இந்தப் பயத்தை அறிவார்கள். 1966இல் சிவசேனை தொடங்கிய பிறகு தென்னிந்தியர் கடைகள் தாக்கப்பட்ட நாட்களில், பேச்சை வைத்து அடையாளம் காணப்படுவது என்னவென்று அந்தத் தலைமுறைக்குத் தெரியும். ஸ்டோக்கர் எழுதியது லண்டன்காரர்களுக்காக. கிழக்கிலிருந்து ஒருவன் வந்து நம்மோடு கலந்துவிடுவானே என்பது அவர்களுடைய நடுக்கம். நாமோ வந்தவர்கள் பக்கம் நின்று படிக்கிறோம். அந்த ஒரு பக்கத்துக்காவது அரக்கன்மேல் பரிவு வரும்; வரட்டும், தடுக்காதீர்கள். நான்காம் அத்தியாயத்தில் அதே பிரபு ஹார்க்கரின் உடையைப் போட்டுக்கொண்டு சுவரில் இறங்கி வெளியே போகும்போது பரிவும் அருவருப்பும் ஒன்றாக மோதும். இந்த நாவல் இன்றும் உயிரோடு இருப்பதற்கு அந்த மோதலே காரணம் என்பேன்.

பம்பாயோடு இன்னொரு சிறு தொடர்பும் உண்டு. 1842இல் பம்பாயில் வந்திறங்கிய ராணுவ அதிகாரி ரிச்சர்ட் பர்ட்டன், நம் விக்கிரமாதித்தன் வேதாளம் கதைகளை 1870இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவரைப் பின்னாளில் நேரில் சந்தித்த ஸ்டோக்கர், பேசும்போது உதடு உயர்ந்து கோரைப் பல் தெரிந்ததைத் தன் நினைவுநூலில் எழுதியிருக்கிறார்.

நான்காம் அத்தியாயம் முடிகையில் ஹார்க்கர் கோட்டைச் சுவரில் இறங்கத் துணிகிறார். பிழைத்தாரா என்று சொல்லாமல் ஸ்டோக்கர் பக்கத்தைத் திருப்பிவிடுகிறார். ஐந்தாம் அத்தியாயம் காதலி மீனாவின் கடிதத்தில் தொடங்குகிறது. அவளும் சுருக்கெழுத்துப் பழகிக்கொண்டிருக்கிறாள், டைப்ரைட்டரும் கற்கிறாள். ஒரு நாள் இடைவெளி விட்டு அங்கிருந்து தொடருங்கள்.