கவிஞனின் ஊரும் கவிதையின் மொழியும்

டாக்டர் தாஹா ஹுஸைன் 1926இல் வெளியிட்ட ‘ஃபிஷ் ஷிஅரில் ஜாஹிலீ’ என்னும் நூல், அறியாமைக் காலக் கவிதைகளின் நம்பகத்தன்மையை ஐயுற்றது. அதற்கு அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று மொழிவழக்கு பற்றியது. இம்ரஉல் கைஸ் கிந்தா குலத்தவர். தரஃபா பக்ர் குலத்தவர். அன்தரா அப்ஸ் குலத்தவர். குலந்தோறும் பேச்சு வேறுபட்டிருக்க, இவர்தம் கவிதைகளிலோ ஒரே மொழியைக் காண்கிறோம். ஆகவே இவற்றுள் பெரும்பகுதி பிற்காலத்தார் புனைந்து ஏற்றியவை என்றார் அவர்.

கவிஞன் தன் குலத்தின் பேச்சிலேயே பாடுவான் என்னும் எண்ணமே இவ்வாதத்தின் அடித்தளம். அது எவ்வளவு உறுதியானது எனச் சோதித்தறியப் பண்டைய கிரேக்க இலக்கியம் தகுந்த களமாகும்.

கிரேக்க இலக்கியத்தில் இடம்பெற்ற வழக்குகளுள் தலையாயவை நான்கு. ஆசியா மைனரின் மேற்குக் கரையிலும் ஏகியன் தீவுகள் பலவற்றிலும் அயோனிக் வழங்கியது. ஏதென்ஸில் அத்திக்கும், லெஸ்போஸ், போயோஷியா முதலிய இடங்களில் ஏயோலிக்கும், ஸ்பார்ட்டா, கொரிந்த், சிசிலியின் சிராகூஸ் ஆகியவற்றில் தோரிக்கும் பேசப்பட்டன. அத்திக்கில் தாயைக் குறிக்கும் சொல் ‘மேதேர்’. தோரிக்கில் அதுவே ‘மாதேர்’.

ஹோமரின் காவியமொழி இவற்றுள் எவ்வூராரும் பேசிய மொழியன்று. அடிப்படை அயோனிக், அதனூடே ஏயோலிக் வடிவங்களும் பழஞ்சொற்களும் விரவிக் கிடக்கின்றன. ‘இருத்தல்’ என்னும் ஒரு வினைக்கு மட்டும் எய்னை, எமென், எம்மென், எமெனை, எம்மெனை என ஐந்து வடிவங்களை அவர் ஆள்கிறார். குறிலும் நெடிலும் எண்ணிப் பாடும் யாப்பில், வாய்மொழிப் பாணர்க்கு வெவ்வேறு அளவுடைய வடிவங்கள் கைவசம் இருத்தல் இன்றியமையாததாயிற்று. பாணர் மரபு தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த செல்வம் இது.

ஹோமருக்கு மட்டுமே உரிய தனிவழக்கம் எனவும் இதனை ஒதுக்க இயலாது. போயோஷியாவில் வாழ்ந்த ஹெஸியட், காவிய யாப்பை எடுத்ததும் காவியமொழியையே கைக்கொண்டார். அதே போயோஷியாவின் தீப்ஸ் நகரத்துப் பிந்தார், குழுவினர் பாடும் புகழ்ப்பாடல்களை இயற்றியபோது தோரிக் சாயல் கொண்ட மொழியை ஏற்றார். அயோனியர் வாழ்ந்த கேயோஸ் தீவினரான பாக்கிலிடீஸும் அவ்வகைப் பாடல்களுக்கு அம்மொழியையே ஆண்டார். ஏதென்ஸின் துன்பியல் நாடகங்களில் பாத்திரங்கள் அத்திக்கில் உரையாட, குழுப்பாடல் தொடங்கியதும் தோரிக்கின் ‘ஆ’காரம் தலைகாட்டுகிறது. ஒரே புலவர், ஒரே நாடகம், இரு மொழிச்சாயல்கள்!

உரைநடையும் இவ்வழியே சென்றது. புக்ராத் என நாம் அறிந்த ஹிப்போகிரட்டீஸின் கோஸ் தீவு தோரியருடையது. அவர் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களோ அயோனிக்கில் அமைந்தவை. அறிவுத்துறை உரைநடை அயோனிய மண்ணில் வேரூன்றியதே காரணம். கி.பி. 2ஆம் நூற்றாண்டினரான அரியன், இந்தியாவைப் பற்றிய தம் ‘இண்டிகா’வை, ஹெரோடோட்டஸின் அடியொற்றி, அந்நாளில் பழமைப்பட்டுவிட்ட அயோனிக்கில் எழுதினார், அலெக்ஸாந்தரின் படையெடுப்பு வரலாற்றை அத்திக் நடையில் எழுதியவரும் அவரே.

சொந்த ஊர்ப் பேச்சில் பாடியோரும் உளர். லெஸ்போஸ் தீவின் ஸாஃபோவும் அல்கையோஸும் அத்தீவின் ஏயோலிக்கிலேயே பாடினர். ஆயினும் ஊர்ப்பேச்சைச் சித்திரிக்கும் இடத்திலும் மரபு தன் ஆட்சியை விட்டுக்கொடுப்பதில்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டின் தியோக்ரிட்டஸ், தம் 15ஆம் கவிதையில் சிராகூஸ் வழிவந்த பெண்கள் இருவர் அலெக்ஸாந்திரியாவின் திருவிழாவுக்குச் செல்வதைப் பாடுகிறார். அவர்கள் உயிரொலிகளை அகல விரித்துப் பேசுவதாக அயலான் ஒருவன் சலித்துக்கொள்கிறான். தோரியர் தோரிக்கில் பேசினால் என்ன என்று ஒருத்தி வெகுண்டு கேட்கிறாள். வியப்பு யாதெனில், குறைகூறும் அம்மனிதனின் வாக்கும் தோரிக்கிலேயே அமைந்துள்ளது! அவன் பேச்சைக் கொண்டு அவன் ஊரைத் தேடுவோர் ஏமாறுவர்.

இந்நுட்பங்கள் மொழிபெயர்ப்பில் தங்குவதில்லை. 9ஆம் நூற்றாண்டு பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஆக்கித் தந்த ‘ஃபுஸூல்’ அரபு நூலில் புக்ராத்தின் மருத்துவம் முழுமையாக வந்து சேர்ந்தது. அயோனிக் சாயல் வந்து சேரவில்லை. மூலத்தைப் பயில்வோர்க்கே அது கிட்டும்.

இனித் தாஹா ஹுஸைனின் வாதத்துக்கு மீள்வோம். குலம் பலவாயினும் கவிதைமொழி ஒன்றாயிருத்தல் இயல்பே எனக் கிரேக்கம் காட்டுகிறது. ஆகவே மொழி ஒருமையை மட்டும் கொண்டு புனைவு என முடிவுகட்டுவது பொருந்தாது. அதே வேளை, அவ்வொருமை கவிதைகளின் மெய்ம்மையை நிறுவிவிட்டதாக நாம் மகிழ்வதும் தகாது. பொதுமொழி ஒன்று நிலவுமாயின், பிற்காலத்தானும் அதிலேயே புனைந்திருக்கக் கூடும். இவ்வழக்கில் மொழி ஒருமை எத்தரப்புக்கும் சாட்சியாகாது. அறிவிப்பாளர் யார், எவரிடமிருந்து கேட்டார், பாடவேறுபாடுகள் யாவை என ஒவ்வொரு கவிதையையும் தனித்தனியே ஆராய்வதே எஞ்சியுள்ள வழி. அது நீண்ட பணி. அரபுக் கல்லூரிகளில் கவிதை பயிற்றும் நம் போன்றோர் தட்டிக்கழிக்கக் கூடாத பணியுமாகும்.