சொன்னது பொம்மையா?

பேசும் பொம்மைக் கலையில் மேடையேறுபவர் ஒருவரே. குரல்கள் மட்டும் பல. பொம்மை வாயைத் திறந்து மூடுகிறது. அதை இயக்கும் மனிதரின் இதழ்களோ அசைவதில்லை. எங்கே அசைவைக் கண் காண்கிறதோ, அங்கிருந்தே குரலும் பிறப்பதாகச் செவி நம்பிவிடுகிறது. ப, ம ஆகிய எழுத்துகள் இரு இதழ்களும் கூடினாலன்றிப் பிறவாதவை. அவற்றையும் நாவைக் கொண்டே ஒப்பேற்றிக் கேட்போரை மயக்குவதில்தான் இக்கலைஞனின் பல்லாண்டுப் பயிற்சி அடங்கியிருக்கிறது.

இக்கலையில் நம் காலத்தில் பெரும் புகழ் ஈட்டியவர் அமெரிக்கரான ஜெஃப் டன்ஹாம். 1962-இல் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில் பிறந்த இவர், எட்டாம் வயதில் கிறிஸ்மஸ் பரிசாகப் பெற்ற பொம்மையோடு தம் பயிற்சியைத் தொடங்கினார். 2007-இல் வாஷிங்டன் நகரின் வார்னர் அரங்கில் பதிவு செய்யப்பட்ட 'ஸ்பார்க் ஆஃப் இன்சானிட்டி' என்னும் நிகழ்ச்சியே இவரை உலகறியச் செய்தது எனலாம்.

கைகளைக் கட்டிக்கொண்டு உலகத்தையே முறைக்கும் முதியவர் வால்ட்டர் இவருடைய பொம்மைகளுள் ஒருவர். மனைவி, அரசியல், முதுமை, எதிரே அமர்ந்திருக்கும் கூட்டம் என எதுவும் அவர் வாய்க்குத் தப்புவதில்லை. ஊதா நிறத் தோலுடைய பீனட்டோ, தன்னை ஆட்டுவிப்பவரின் பெயரையே சிதைத்து உச்சரித்து நகையாடும். தாமே இயக்கும் பொம்மையிடம் தோற்று, திகைத்து நிற்கும் மனிதராக டன்ஹாம் தோன்றும் இவ்விடங்களில் கலை உச்சத்தைத் தொடுகிறது. தன்னைத்தானே சிறுமைப்படுத்திக்கொண்டு பிறரை மகிழ்விப்பவனின் நகைச்சுவையில் நஞ்சு இருப்பதில்லை.

இந்நிகழ்ச்சியில் எல்லாராலும் பேசப்பட்ட பொம்மை அக்மத். தன் குண்டுக்குத் தானே இரையாகி எலும்புக்கூடாகிவிட்ட, திறமையற்ற தற்கொலைக் குண்டுதாரி அவன். தான் இறந்துவிட்டதை ஒப்புக்கொள்ளாமல், வெறும் சதைக்காயம் என்று சாதிக்கிறான். உரத்த குரலில் மிரட்டுகிறான். அவன் மிரட்ட மிரட்ட அரங்கம் சிரிக்கிறது. இச்சிரிப்பை நாம் எளிதில் ஒதுக்கிவிட இயலாது. 2001 செப்டம்பர் 11 அன்று, அதே வாஷிங்டனை அடுத்து, பொட்டோமாக் ஆற்றின் அக்கரையிலுள்ள பென்டகன் கட்டடத்தின்மீது விமானம் மோதி 184 பேர் பலியாயினர். அத்துயரைக் கண்ட மக்கள் ஆறாண்டுகளுக்குப் பின் அச்சத்தின் உருவத்தையே எதிரில் அமர்த்திக் கைகொட்டிச் சிரிக்கிறார்கள். கொலைவெறியின் மிடுக்கைப் பறிக்கச் சிரிப்பைவிடக் கூரிய கருவி ஏது? நாமும் சிரித்தோம், அதை மறைப்பதற்கில்லை.

ஆயினும் சிரித்து முடித்தபின் ஓர் உறுத்தல் எஞ்சுகிறது. நீ முஸ்லிமா என்று டன்ஹாம் கேட்கிறார். அப்படித் தோன்றவில்லை, தன் உடலில் சீனத் தயாரிப்பு என்றே பொறிக்கப்பட்டிருக்கிறது என்கிறான் அக்மத். நல்ல நகைச்சுவைதான். ஆனால் அவனுக்கு அப்பெயரையும் அந்த உச்சரிப்பையும் சூட்டியவர் யார்? 2008-இல் தென்னாப்பிரிக்காவில் அக்மத் இடம்பெற்ற தொலைக்காட்சி விளம்பரம் ஒன்று, முஸ்லிம்கள் அனைவரையும் பயங்கரவாதிகளாகக் காட்டுகிறது என்ற புகாரின்பேரில் தடை செய்யப்பட்டது. அப்போது டன்ஹாம் கூறிய மறுமொழி, தான் முஸ்லிம் அல்லன் என்று அக்மத்தே தெளிவுபடுத்துகிறான் என்பதாகும். தம் கையால் இயங்கி, தம் குரலால் பேசும் பொம்மையையே தமக்குச் சாட்சியாக அழைக்கிறார் அவர்! இந்தக் கலையின் வலிமையும் வழுக்கலும் இந்த ஒரு மறுமொழியில் வெளிப்பட்டுவிடுகின்றன.

குச்சியில் செருகப்பட்ட மிளகாயாக வரும் ஹொசே என்ற மெக்சிகப் பொம்மையிடமும் இக்குறையைக் காண்கிறோம். தொப்பியும் உச்சரிப்புமே அதன் குணச்சித்திரம். அதைப் பீனட் ஏளனம் செய்யும்போது டன்ஹாம் தடுப்பவர்போல் நடிக்கிறார். ஏளனம் செய்வதும் அவர் கை. ஏளனத்துக்கு உள்ளாவதும் அவர் கை. மேடையில் எவருக்கும் காயமில்லை. காயப்படக்கூடியவரோ அரங்கத்துக்கு வெளியே வயலிலும் சமையற்கூடத்திலும் உழைத்துக்கொண்டிருக்கிறார். மறுமொழி சொல்ல அவருக்கு அங்கே நாற்காலி இல்லை.

ஆட்டுவிப்பவனை நோக்கிப் பொம்மை திரும்பும்போது இந்நிகழ்ச்சி உயர்கிறது. அவன் ஒளிந்துகொள்ளும் திரையாகப் பொம்மை மாறும்போது தாழ்கிறது. இதுவே நம் மதிப்பீடு.

இதைக் கூறிவிட்டு நாம் நிம்மதியாக எழுந்துவிட முடியவில்லை. "நான் சொல்லவில்லை, ஊரார் பேசிக்கொள்கிறார்கள்" என்று தொடங்கி, அண்டை வீட்டாரைப் பற்றியும் அயல் சமயத்தாரைப் பற்றியும் நாம் எத்தனை முறை பேசியிருக்கிறோம்! அந்த 'ஊரார்' நம் மடியில் அமர்ந்திருக்கும் பொம்மையன்றி வேறு யார்? டன்ஹாமாவது நுழைவுச்சீட்டு வாங்கியவர்முன், தம் கை தெரிய ஆட்டுகிறார். நாம் கையையும் மறைத்துக்கொள்கிறோம்.